டி.வி. மட்டும் போதுமா? டெல்லி முதியோர் இல்லங்களில் பொழுதுபோக்கு: சட்டம் சொல்வது என்ன, உண்மையில் எது உதவும்?

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை வரும்போது குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். மாதம் எவ்வளவு ஆகும், சாப்பாடு எப்படி, டாக்டர் வருவாரா, பாத்ரூமில் கைப்பிடி இருக்கா? இதெல்லாம் அவசியமான கேள்விகள்தான். ஆனால் "காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் அப்பா அங்கே என்ன செய்வார்?" என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் "டி.வி. இருக்கு, பேப்பர் வருது, சாயந்திரம் பஜன் உண்டு" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்தக் கேள்வி ஏதோ வசதியுள்ளவர்களின் ஆடம்பரக் கவலை என்று நினைக்க வேண்டாம். முதியோர் இல்லத்தில் பொழுதுபோக்கு இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கும் விஷயம்.

சட்டத்தில் எங்கே இருக்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித் தரும் சட்டம் என்றுதான் பெரும்பாலானவர்களுக்கு இது தெரியும். இதன் 19-வது பிரிவு முதியோர் இல்லங்களைப் பற்றியது. மாநில அரசுகள் மாவட்டத்துக்கு ஒன்றிலிருந்து தொடங்கி, ஆதரவற்ற முதியவர்கள் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லங்களை அமைக்கலாம் என்கிறது முதல் உட்பிரிவு. அந்த இல்லங்களை நடத்தும் முறை, தரம், சேவைகள் பற்றி அரசு ஒரு திட்டம் வகுக்கலாம் என்கிறது இரண்டாவது உட்பிரிவு. என்ன சேவைகள்? அங்கு இரண்டு விஷயங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகின்றன. ஒன்று மருத்துவம். மற்றொன்று பொழுதுபோக்கு வசதி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில், பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

மத்திய சமூக நீதி அமைச்சகம் 1992-இல் தொடங்கிய முதியோர் ஒருங்கிணைந்த திட்டத்திலும் இதே போக்குதான். தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் தரும் இந்தத் திட்டத்தின் நோக்கத்தில் தங்குமிடம், உணவு, மருத்துவம் ஆகியவற்றோடு பொழுதுபோக்கும் அடிப்படை வசதியாகச் சேர்க்கப்பட்டது. இப்போது இது 'அடல் வயோ அப்யுதய் யோஜனா' என்ற குடைத் திட்டத்தின் கீழ் நடக்கிறது.

சிக்கல் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. 19-வது பிரிவு முழுக்க 'செய்யலாம்' என்றுதான் பேசுகிறது; 'செய்ய வேண்டும்' என்று எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. மாவட்டவாரியாக எத்தனை முதியோர் இல்லங்கள் இருக்கின்றன என்ற கணக்கை மாநிலங்களிடமிருந்து வாங்கும்படி உச்ச நீதிமன்றமே மத்திய அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அது 2018 டிசம்பரில், அஸ்வனி குமார் வழக்கில் நடந்தது. சட்டம் வந்து 11 ஆண்டுகள் ஆன பிறகும் எண்ணிக்கைக்கே இந்த நிலை என்றால், கேரம் போர்டு இருக்கிறதா என்று யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

தனியார் இல்லங்களையும் கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவந்து, குறைந்தபட்சத் தரம் நிர்ணயிக்க ஒரு திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் தாக்கலானது. நிலைக்குழுவுக்குப் போனது, அறிக்கையும் வந்தது. ஆனால் நிறைவேறவில்லை. 2024-இல் அந்த மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது.

டெல்லியில் என்ன நிலை?

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 10.4 கோடி பேர். டெல்லியில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேல். அதற்குப் பிறகு இந்த எண்ணிக்கை நன்றாகவே கூடியிருக்கும்.

டெல்லி அரசின் சமூக நலத்துறை பிந்தாபூர், லாம்பூர் போன்ற இடங்களில் இல்லங்கள் நடத்துகிறது. புதுடெல்லி மாநகராட்சிக் கவுன்சிலுக்கு நேதாஜி நகரில் 'சந்தியா' என்ற இல்லம் உண்டு. தெருவில் கைவிடப்பட்டவர்களை மீட்டுவந்து பார்த்துக்கொள்ளும் தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. இன்னொரு பக்கம் குருகிராம், நொய்டா வரை பரவியிருக்கும் கட்டண இல்லங்கள். இவற்றில் சிலவற்றுக்கு ஹோட்டல் போலவே பிரோஷர் இருக்கும்.

இவை போக, டெல்லி அரசு நிதியுதவி தரும் 'மூத்த குடிமக்கள் பொழுதுபோக்கு மையங்கள்' பல காலனிகளில் இயங்குகின்றன. குடியிருப்போர் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் இவற்றை நடத்துகின்றன. பேப்பர், சீட்டுக்கட்டு, டி.வி., அரட்டை என்று நாள் ஓடும். இவை வீட்டில் இருப்பவர்களுக்கானவை. ஆனால் இல்லத்தில் இருக்கும் ஒருவரை வாரம் ஒருமுறை பக்கத்து மையத்துக்கு அழைத்துப் போனால் என்ன? பல இல்லங்களுக்கு இது தோன்றுவதே இல்லை.

மதியம் 2 மணி முதல் 5 மணி வரை

எந்த முதியோர் இல்லத்தின் அட்டவணையை எடுத்தாலும் காலை நேரம் நிறைந்திருக்கும். டீ, குளியல், பிரார்த்தனை, கொஞ்சம் யோகா, டிபன், மாத்திரை. மதிய சாப்பாட்டுக்குப் பிறகுதான் பெரிய வெற்றிடம். தூங்கினால் ராத்திரி தூக்கம் போய்விடும். தூங்காவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஹாலில் டி.வி. ஓடும், யாரும் தேர்ந்தெடுக்காத சேனல், பாதிப் பேருக்குக் காது கேட்காத சத்தம், அல்லது எல்லோருக்கும் தலைவலி வரவைக்கும் சத்தம். ரிமோட் பெரும்பாலும் அட்டெண்டர் கையில் இருக்கும்.

அந்த ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆய்வு சொல்வது வேறு.

ஒரு செடி, ஒரு சினிமா

1976-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். இரண்டு மாடிகளில் இருந்தவர்களுக்கும் ஆளுக்கொரு தொட்டிச் செடி கொடுத்தார்கள். வாரம் ஒரு சினிமாவும் உண்டு. வித்தியாசம் இதுதான்: ஒரு மாடியில் இருந்தவர்களிடம் "இது உங்கள் செடி, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்; எந்த ராத்திரி சினிமா பார்ப்பது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார்கள். மற்ற மாடியில் இருந்தவர்களிடம் "செடிக்கு நர்ஸ் தண்ணீர் ஊற்றுவார், சினிமா எந்த நாள் என்று நாங்கள் சொல்கிறோம்" என்றார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, தாங்களே பொறுப்பேற்ற குழுவில் 93 சதவீதம் பேர் ஒட்டுமொத்தமாக முன்னேறியிருந்தார்கள். மற்ற குழுவில் 21 சதவீதம் மட்டும்தான். அதே செடி, அதே சினிமா!

18 மாதம் கழித்து முதல் குழுவில் இறந்தவர்கள் 15 சதவீதம், மற்ற குழுவில் 30 சதவீதம் என்ற கணக்கும் வந்தது. இதை இன்றும் பலர் மேடைகளில் சொல்கிறார்கள். ஆனால் அந்த மரண விகிதக் கணக்கின் புள்ளியியலில் பிழை இருந்ததாக ஆய்வாளர்களே 1978-இல் திருத்தம் வெளியிட்டார்கள்; வித்தியாசம் முதலில் சொன்ன அளவுக்கு உறுதியானது அல்ல. ஆகவே செடி வளர்த்தால் ஆயுள் கூடும் என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: பொழுதுபோக்கு என்பது பொருள் சார்ந்தது மட்டும் அல்ல, அதில் அவருக்கு ஒரு முடிவும் ஒரு பொறுப்பும் இருக்க வேண்டும்.

இந்தக் கண்ணால் பார்த்தால் பல விஷயம் மாறித் தெரியும். காய் நறுக்குவது வேலையா, பொழுதுபோக்கா? 50 வருஷம் சமையலறையை ஆண்ட ஒரு அம்மாவுக்கு அவரைக்காயைக் கையில் கொடுத்து நார் உரிக்கச் சொன்னால், அவர் அன்று அந்த வீட்டுக்குத் தேவைப்படுகிற ஆள். அதையே அட்டவணை போட்டு கட்டாயப்படுத்தினால் இலவச உழைப்பு. ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவரிடம் இல்லத்தின் பேப்பர் பில்லைச் சரிபார்க்கக் கொடுக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் பக்கத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமத்தில் முதியவர்கள் தோட்ட வேலை உள்ளிட்டவற்றில் பங்கெடுக்கிறார்கள். அங்கே அவர்கள் வெறும் பயனாளிகள் அல்ல.

டெல்லியில் நடைமுறையில் எது முடியும்?

இங்கே முதலில் வானிலையைப் பேச வேண்டும். சென்னைக்கு எழுதும் அட்டவணை டெல்லிக்குச் சரிவராது.

நவம்பரில் காற்று மாசு ஏறும்போது காலை நடையை நிறுத்தியாக வேண்டும். காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400-ஐத் தாண்டினால் 'கடுமை'. அந்த நாட்களில் மூச்சுத்திணறல், இதய நோய் உள்ளவர்களை வெளியே அழைத்துப் போவது பொழுதுபோக்கு அல்ல, ஆபத்து. டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம். ஆனால் அதே பருவத்தில் மாசு குறைந்த நாளில், மதியம் 12 மணிக்கு மேல் வெயில் வந்துவிட்டால் மொட்டை மாடியைப் போல ஒரு இடம் டெல்லியில் வேறு கிடையாது. நாற்காலியைப் போட்டு, நிலக்கடலை உரித்துக்கொண்டு, கம்பளி பின்னிக்கொண்டு வெயில் காய்வது வடஇந்தியாவின் பழைய வழக்கம். செலவே இல்லை. படிக்கட்டு ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட் மாடி வரை போகிறதா என்பதுதான் கேள்வி. மே, ஜூனில் 'லூ' என்ற அனல்காற்று வீசும்போது வெளி நடமாட்டத்தைக் காலை 7 மணிக்குள் முடித்துவிட வேண்டும். மதியம் உள்ளரங்கு விளையாட்டுதான்.

உள்ளரங்கில் டெல்லியின் ராஜா தம்போலா. எண்களை அறிவிக்க, டிக்கெட்டில் அடிக்க, சின்னப் பரிசு. நல்ல விளையாட்டுதான், ஆனால் எண் சின்னதாக அச்சடித்திருந்தால் கண்புரை உள்ளவர் முதல் ஐந்து நிமிடத்தில் வெளியேறிவிடுவார். பெரிய எழுத்து டிக்கெட், பெரிய எழுத்துச் சீட்டுக்கட்டு இரண்டும் ஆன்லைனில் கிடைக்கின்றன. கேரம் போர்டைத் தரையில் வைத்தால் யாராலும் உட்கார முடியாது. சக்கர நாற்காலி உள்ளே நுழையும் உயரத்தில் மேசை வேண்டும். அந்தாக்ஷரிக்கு மைக் ஒன்று இருந்தால் காது மந்தமானவர்களும் சேர முடியும். இவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். "எங்க தாத்தா எதிலயும் கலந்துக்க மாட்டார்" என்று சொல்லப்படுகிற பலருக்கு உண்மையான பிரச்சனை மனசில் இல்லை, காது கேட்கும் கருவியின் பேட்டரியில் இருக்கிறது.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களும் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் இயக்கம் பெற வேண்டும்; வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சி வேண்டும். விழுவதைத் தடுக்கவே இந்த இரண்டாவது பகுதி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, உட்கார்ந்து எழுவது போன்றவை போதும். யோகா என்ற பெயரில் எல்லோரையும் உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி மட்டும் கொடுத்தால் இந்தப் பலன் கிடைக்காது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு எது கூடாது என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறதி நோய் இருந்தால்?

டிமென்ஷியா வந்துவிட்டால் 'இனி அவருக்கு எதுவும் புரியாது' என்று ஒதுக்கிவிடுவது பெரிய தவறு. லேசானது முதல் நடுத்தரம் வரையிலான நிலையில் இருப்பவர்களுக்கு 'அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை' என்ற குழுப் பயிற்சி உண்டு. பிரிட்டனில் உருவானது. வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம், ஏழு வாரத்தில் 14 அமர்வுகள். 23 மையங்களில் 201 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2003-இல் வெளியானது. அறிவாற்றலிலும் வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் அமைப்பு இதைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறது.

பெயர் பெரிசாக இருந்தாலும் உள்ளே நடப்பது விளையாட்டும் பேச்சும்தான். குழு தனக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளும், ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கும். சாப்பாடு, குழந்தைப்பருவம், காசு, சத்தங்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு தலைப்பு. ஒரு விதி மட்டும் முக்கியம்: தகவலைக் கேட்காதே, கருத்தைக் கேள். "இது எந்த வருஷப் படம்?" என்று கேட்டால் அவர் தடுமாறுவார், கூசுவார். "சிவாஜியா எம்.ஜி.ஆரா, உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டால் தப்பான பதிலே கிடையாது. இல்லத்துக்குப் போகிற பேரப்பிள்ளைகளும் "நான் யாருன்னு சொல்லு பாக்கலாம்" என்று பரீட்சை வைக்காமல் இருப்பது நல்லது.

டெல்லியில் தமிழ் பேசும் முதியவர்கள்

சுதந்திரத்துக்கு முன்பும் பின்பும் மத்திய அரசு வேலைக்காக வந்து கரோல் பாக், ஆர்.கே. புரம் என்று தங்கிவிட்ட தலைமுறைக்கு ஹிந்தி ஓரளவு கைவந்ததுதான். பிரச்சனை அதிகம் இருப்பது வேறு ஒரு கூட்டத்துக்கு. பிள்ளைகள் குருகிராமிலோ நொய்டாவிலோ வேலை பார்க்க, அப்பா காலமானபின் கும்பகோணத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ அழைத்து வரப்பட்ட அம்மாக்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாத நிலை வந்து இல்லத்துக்குப் போகும்போது பஜன் ஹிந்தியில், தம்போலா ஹிந்தியில், சீரியல் ஹிந்தியில். சுற்றி நாற்பது பேர் இருந்தும் பேச்சுத்துணை இல்லை.

நன்றாக ஹிந்தி பேசியவர்களுக்கும் மறதி நோய் முற்றும்போது, பின்னால் கற்ற மொழி முதலில் நழுவித் தாய்மொழிக்கே திரும்புவது உண்டு. அட்டெண்டரிடம் திடீரெனத் தமிழில் பேசத் தொடங்கினால் 'உளறுகிறார்' என்று எழுதிவைக்கிற ஆபத்து இருக்கிறது. உண்மையில் அவர் தண்ணிதான் கேட்டிருப்பார்.

செய்யக்கூடியவை சில. ஹெட்போனோடு ஒரு டேப்லெட்டில் தமிழ்ப் பாட்டு, பழைய படம், கச்சேரி போட்டுக் கொடுக்கலாம். ஆனால் எப்படி இயக்குவது என்று அட்டெண்டருக்குக் காட்டிவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் அது அலமாரியிலேயே கிடக்கும். பல்லாங்குழி, தாயக்கட்டை, பரமபதத்துக்கு மொழியே வேண்டாம். பக்கத்துக் கட்டில் பஞ்சாபிப் பாட்டி பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார். பத்து, இருபது அன்றாடச் சொற்களைத் தமிழிலும் ஹிந்தி எழுத்திலும் ஒரு அட்டையில் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டலாம். 1946-இல் தொடங்கிய டெல்லித் தமிழ்ச் சங்கத்துக்கு ஆர்.கே. புரத்தில் நூலகம் இருக்கிறது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகள் நடத்துகிறது. வாரம் ஒரு நாள் ஒரு மாணவர் வந்து தமிழ் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டும் ஏற்பாட்டை இல்லங்கள் இந்தப் பள்ளிகளிடம் கேட்டுப் பார்க்கலாம். மலை மந்திருக்கு அழைத்துப் போக ஆசைப்படுபவர்கள், கோயில் குன்றின் மேல் இருப்பதால் சக்கர நாற்காலிக்கு வழி எப்படி என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

கேக் வெட்டும் விருந்தாளிகள்

அக்டோபர் 1 சர்வதேச முதியோர் தினம். அன்று இல்லங்களில் கூட்டம் தாங்காது. பிறந்தநாள், திருமண நாளுக்கு வந்து ஒருவேளை சாப்பாடு போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிற வழக்கமும் டெல்லியில் பரவலாக இருக்கிறது. சாப்பாட்டுச் செலவு மிச்சமாவதால் இல்லங்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் சர்க்கரை நோயாளிகள் நிறைந்த அறையில் வாரம் மூன்று கேக் எதற்கு?

ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவதுதான் உதவும். நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் உள்ள ஒரு முதியோர் இல்லம் கல்லூரி மாணவர்களுக்கு வாடகை இல்லாமல் அறை தருகிறது. பதிலுக்கு அவர்கள் மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டுக்காரராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியவர்களும் ஆதரவற்ற குழந்தைகளும் ஒரே வளாகத்தில் வாழும் ஒருங்கிணைந்த இல்லங்களை அரசே தொடங்கியது. மாணவர்களுக்கு வாடகை அறை கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும் டெல்லியில், முதல் யோசனையை யாராவது முயன்று பார்க்கலாம்.

சேர்ப்பதற்கு முன் எதைப் பார்க்கணும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள். வார நாளில், மதியம் 3 மணிக்கு, முடிந்தால் சொல்லாமல் போங்கள். எத்தனை பேர் கட்டிலில் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஏதாவது செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அலமாரியில் இருக்கும் செஸ் போர்டில் தூசி இருக்கிறதா? சுவரில் ஒட்டிய அட்டவணை இந்த மாதத்துக்கானதா, போன வருஷத்துக்கானதா? நடவடிக்கைகளுக்கென்று தனியாக ஒரு ஊழியர் இருக்கிறாரா, அல்லது டயப்பர் மாற்றுகிறவரே பாட்டும் பாட வேண்டுமா? இதைக் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் இரண்டாவது நிலையில் எது முதலில் கைவிடப்படும் என்பது தெரிந்ததே. கலந்துகொள்ள விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வார்கள் என்றும் கேட்கலாம். தனியாக உட்கார்ந்து புத்தகம் படிக்க ஆசைப்படுகிறவரை வலுக்கட்டாயமாக டான்ஸ் ஆட இழுப்பதும் நடக்கிறது.

நீங்கள் உங்கள் பங்குக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: என்ன வேலை பார்த்தார், என்ன பாட்டுப் பிடிக்கும், எந்தக் கட்சி, எந்தக் கோயில், டீயா காபியா, எது பேசினால் கோபம் வரும். மருத்துவக் கோப்பில் இது எதுவும் இருக்காது.

இல்லத்தில் புறக்கணிப்போ துன்புறுத்தலோ நடப்பதாகத் தெரிந்தால் மத்திய அரசின் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம். 'எல்டர்லைன்' என்ற இந்தக் கட்டணமில்லாச் சேவை காலை 8 முதல் இரவு 8 மணி வரை, வாரத்தின் ஏழு நாட்களும் இயங்குகிறது.